நிற்கிற வண்டி குடித்த பெட்ரோல்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், இவள், குட்டி மூவரும் சுகம். அப்பாவும் நீயும் சுகம் என்று போன அட்டையில் எழுதியிருந்தாய். ஆக, நம் குடும்பத்தில் சுகமில்லாமல் இருப்பது வண்டி ஒன்றுதான்.

நீ அனுப்பிய கணக்கை இரண்டு தடவை பார்த்தேன். ஜனவரியில் 190 கிலோமீட்டர் ஓடி 12 லிட்டர் குடித்திருக்கிறது. பிப்ரவரியில் 192 ஓடியதற்கு 17 லிட்டர். லிட்டருக்குப் பதினாறு கொடுத்த வண்டி ஒரே மாதத்தில் பதினொன்றுக்கு வந்துவிட்டது! பன்னிரண்டு வருடமாக டிப்போவில் டீசல் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பஸ் இப்படி இறங்கியிருந்தால் அந்த டிரைவரை என் எதிரே நிறுத்திவைத்து, வழியில் எங்கே வண்டியை ஓட விட்டுவிட்டுக் கதை பேசினான் என்பதுவரை கறந்திருப்பேன். நீ அக்காவாகப் போய்விட்டாய்.

முதலில் நாலு சக்கரத்திலும் காற்று பார். காற்று குறைந்தால் வண்டி சேற்றில் நடப்பதுபோல் நடக்கும், பெட்ரோல் ஆவியாகும். காலையில் இழுக்கிற சோக்கை எஞ்சின் சூடானதும் உள்ளே தள்ளுகிறாயா? பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். மேட்டில் நிறுத்தி பிரேக்கை விட்டுப் பார், தானாக உருள வேண்டும். உருளாவிட்டால் எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. டிக்கியில் வேண்டாத சாமான் வைக்காதே. நமக்கு முன்னால் மூன்று பேர் கை மாறிய வண்டி அக்கா, அதைப் பூப்போல வைத்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் என்னுடையது, ஓட்டுவது உன்னுடையது என்பதுதானே நம் பேச்சு? என் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு அந்தத் தொட்டிக்குள் போகிறது.

போனில் கேட்டால் நீ "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாய். போன் அப்பாவின் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது என்பது புரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுது. இனிமேல் தொட்டியை முழுக்க நிரப்பி, ஓட்டி, மறுபடி முழுக்க நிரப்பு. இரண்டாம் தடவை எவ்வளவு பிடிக்கிறதோ அதுதான் குடித்தது.

அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


மார்ச் 10

சின்னவனுக்கு,

உன் கடிதத்தில் வண்டிக்கு இரண்டு பக்கம், அப்பாவுக்கு ஒரு வரி, எனக்கு அதுவும் இல்லை. மெய்ப்புப் பார்த்துப் பழகிய கண், எண்ணாமல் இருக்க மாட்டேன் என்கிறது.

காற்று சரியாக இருக்கிறது. சோக் உள்ளே போகிறது. மேட்டில் விட்டேன், சமத்தாக உருண்டது. டிக்கியில் பதினெட்டு கிலோ இருந்தது உண்மைதான். அது அப்பாவின் சக்கர நாற்காலி. அதை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அவரை முதுகில் தூக்கிக்கொண்டு போகட்டுமா? மைலேஜ் கூடும்.

வண்டி எங்கே போகிறது என்று கேட்காமல் கேட்டிருக்கிறாய். வாரம் இரண்டு தடவை பிசியோதெரபிக்கு. போக பதினொன்று, வர பதினொன்று. வேறு எங்கே போவேன்? அவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் தனியாக விட முடியாது. அந்த ஒரு மணி நேரத்தில் பாதி, கதவைப் பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்ப்பதில் போய்விடுகிறது.

நீ இங்கே வந்து பத்து மாதம் ஆகிறது, அதனால் சொல்கிறேன். மைதானத்தின் அந்த மூலையில் பையன் நின்றால் இந்த மூலையிலிருந்து அதட்டிய டிரில் மாஸ்டர் அப்பாவிடம், பக்கவாதத்துக்குப் பிறகு, ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருக்கிறது. "சரி." பசிக்கும் சரி, வலிக்கும் சரி, வேண்டாம் என்பதற்கும் சரி. காது மட்டும் நமக்கு மேல் கூர்மை. போன தடவை நீ ஒரு சைக்கிள் மணியைக் கொண்டுவந்து கட்டில் சட்டத்தில் முடுக்கினாயே, "இனிமே அக்காவைக் கூப்பிட கஷ்டமே இல்லப்பா, ஒரு தட்டு தட்டுனா போதும்" என்று? உண்மையிலேயே அவருக்குக் கஷ்டம் இல்லை. ஒரு நாள் எண்ணினேன். 114. தலையணைக்கு, ஈக்கு, வெளிச்சத்துக்கு, வெளிச்சம் போதாததுக்கு. பெரும்பாலும் எதற்கும் இல்லை. ஓடிப் போய் "என்னப்பா?" என்றால் "சரி" என்கிறார். நான் இருக்கிறேனா என்று பார்க்கிறார், அவ்வளவுதான்.

அச்சகத்தில் என் நாற்காலியை இன்னும் யாருக்கும் தரவில்லையாம். மேனேஜர் மெய்ப்புக் கட்டோடு சீட்டு அனுப்பியிருந்தார், வர முடியுமா என்று. முடியாது என்று எழுதினேன். "ஆறு மாசம் மட்டும் பாத்துக்கக்கா, அப்புறம் நான் கூட்டிட்டுப் போயிடறேன்" என்று ஒருவன் சொல்லி நாலு வருடம் ஆகிறது. அந்தக் கணக்கை எந்த ஜன்னலில் கொண்டுபோய்க் காட்டுவது?

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். ஆனால் என் நிலைமையும் உனக்குத் தெரியும். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, நாற்பத்தெட்டுப் படி. அப்பாவை எப்படி ஏற்றுவேன்? ஏற்றிவிட்டால் எப்படி இறக்குவேன்? வசதி மட்டும் இருந்திருந்தால் அடுத்த நாளே வந்து தூக்கிக்கொண்டு வந்திருக்க மாட்டேனா?

சரி, வண்டிக்கு வருகிறேன். நீ சொன்னதை எல்லாம் வைத்துப் பார்த்தால் இரண்டே வழிதான். ஒன்று, யாரோ திருடுகிறார்கள். உன் ஷெட்டுக்கு மூன்று பக்கம் சுவர் இல்லை. குழாய் விட்டு உறிஞ்ச ஐந்து நிமிடம் போதும். பூட்டு வைத்த மூடி ஒன்று தபாலில் அனுப்பியிருக்கிறேன், மாட்டிக்கொள். இல்லையென்றால் எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாக இறங்குகிறது. அதற்கு பட்டறையில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொல்லிப் பார். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் எஞ்சின் ஆரோக்கியம். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. கறுப்பாக, உலர்ந்த புகைக்கரி மாதிரி படிந்திருந்தால் எனக்கு உடனே எழுது.

டிரைவர் ஆயிரம் சொல்லுவான் அக்கா, பிளக் பொய் சொல்லாது. உன்னைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

உன் தம்பி


மார்ச் 26

சின்னவனுக்கு,

பூட்டு மூடி வந்தது. மாட்டிவிட்டேன். இப்போது இந்த வீட்டில் பூட்டு இல்லாதது என் வாய் மட்டும்தான்.

நேற்று சிகிச்சை முடிந்து வரும்போது பட்டறையில் நிறுத்தினேன். அப்பா முன்சீட்டில் இருந்தார். பட்டறைக்காரர் மூன்று பிளக்கையும் கழற்றிக் கையில் கொடுத்தார். கறுப்பு. விரலால் தேய்த்தால் மை மாதிரி ஒட்டிக்கொண்டது. அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஏம்மா, இது ஓடுற வண்டியா, நிக்கிற வண்டியா?"

"ரெண்டும்தான்."

"எஞ்சின் ஓடிட்டே நிக்குதோன்னு கேட்டேன்."

அப்பா உள்ளேயிருந்து "சரி" என்றார். பட்டறைக்காரர் என் கையிலிருந்து பிளக்குகளை வாங்கிக்கொண்டார். துடைத்து மாட்டிக் கொடுத்தார்.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அந்த நாலு வரியையும் அடித்துவிடலாம் என்று பேனாவைக் கொண்டுபோனேன். பிறகு, சில நாள் அப்பாவுக்குத் தூக்கம் வராது, வண்டியில் உட்காரவைத்து எஞ்சினைப் போட்டால் அந்த அதிர்வில் கண் மூடுவார், அதனால்தான் என்று எழுதலாமா என்று யோசித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. நீ நம்பியும் விடுவாய்.

மார்ச் கணக்கைக் கீழே வைக்கிறேன். மாதம் முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, அதையும் சேர்த்து உத்தேசமாகப் போட்டிருக்கிறேன். ஓடியது 188. குடித்தது 21.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 188 கிலோமீட்டருக்குப் பழைய கணக்கில் பன்னிரண்டு லிட்டர் போதும். நீ ஊற்றியது 21. ஒன்பது லிட்டர் சும்மா எரிந்திருக்கிறது. அந்த எஞ்சின் நின்ற இடத்தில் ஓடினால் ஒரு மணிக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும். ஆக, மாதத்தில் பதின்மூன்று மணி நேரம். முப்பத்தொரு நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு இருபத்தைந்து நிமிடம்.

அக்கா, நீ தினமும் இருபத்தைந்து நிமிடம் வண்டியை ஸ்டார்ட் செய்து சும்மா நிறுத்தி வைத்திருக்கிறாய். அப்பாவைத் தூங்க வைக்க அல்ல. தினமும் அவரைத் தூக்கி ஷெட்டுக்குக் கொண்டுவர உன் முதுகு தாங்காது. அப்படியானால் எதற்கு? பாட்டரி இறங்கிவிடும் என்று யாராவது சொன்னார்களா? வாரம் இரண்டு தடவை ஓடுகிற வண்டிக்கு அதெல்லாம் தேவையே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே!

மனசைத் தொட்டுச் சொல்கிறேன், இந்த வண்டி நமக்குக் கட்டுப்படியாகவில்லை. பெட்ரோல் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இன்ஷூரன்ஸ் வருகிறது. பின் டயர் இரண்டும் மொட்டை. டிப்போவில் நாங்கள் போடுகிற மாதிரி எல்லாவற்றையும் சேர்த்து, ஓடுகிற கிலோமீட்டரால் வகுத்துப் பார்த்தேன். வாரம் இரண்டு தடவை வாடகைக் கார் கூப்பிட்டால் இதில் முக்கால் பங்குதான் ஆகும். டிரைவரே நாற்காலியை மடக்கி வைத்துவிடுவான், உனக்கும் உதவி.

அதனால் இருபதாம் தேதி வாக்கில் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன். விற்கப் போவதில்லை, பயப்படாதே. குட்டிக்குப் பள்ளிக்கூடம் தூரம், எனக்கே இங்கே உபயோகப்படும். புது வீட்டு வாசலில் பெரிய மரம் இருக்கிறது, வெயில் படாது. கேட்டைத் திறந்தால் நேரே கூடம், படி ஏற வேண்டிய வேலையே இல்லை. இவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

வாடகைக் காருக்கு மாதாமாதம் அனுப்பிவிடுகிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 8

சின்னவனுக்கு,

இருபத்தைந்து நிமிடம். சரியாகச் சொல்லிவிட்டாய். உன் டிரைவர்கள் உன்னைக் கண்டால் ஏன் நடுங்குகிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

மத்தியானம் இரண்டரை மணி. சாப்பாட்டை மசித்து ஊட்டி, வாய் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு ஷெட்டுக்குப் போகிறேன். வண்டிக்குள் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிக்கொள்கிறேன். முதலில் எஞ்சினைப் போடாமல்தான் உட்கார்ந்திருந்தேன். மணி கேட்டது. ஜன்னலைச் சாத்தினாலும் கேட்டது, காதைப் பொத்தினாலும் கேட்டது. ஒரு நாள் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சத்தத்தில் மணி கேட்கவில்லை. அடித்தாரா அடிக்கவில்லையா என்றே தெரியவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. தூங்க மாட்டேன், பாட்டுக் கேட்க மாட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே இருக்கும் சுவரைப் பார்த்தபடி இருப்பேன். நீ திருடனுக்குப் பூட்டுப் போட்டாயே, திருடி நான்தான். ஒரு நாளைக்கு இருபத்தைந்து நிமிடம் திருடினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. நிறுத்த முடியவில்லை என்பதும் உண்மை.

இதை அப்பாவிடமிருந்து மறைக்க முடிந்தது, உன்னிடமிருந்து முடியவில்லை. நீ அவ்வளவு தூரத்திலிருந்து பிளக்கைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாய். ஆனால் ஏன் என்று கேட்டுவிட்டு, பதிலையும் நீயே எழுதிக்கொண்டாய். பாட்டரியாம்!

இன்னொன்று. மார்ச் 18 கடிதத்தில் மூன்றாவது மாடி, நாற்பத்தெட்டுப் படி. ஏப்ரல் 2 கடிதத்தில் படியே இல்லாத வீடு. அச்சகத்தில் எங்கள் வேலையே இதுதானே, முன் பக்கத்தில் ஒன்றும் பின் பக்கத்தில் வேறொன்றும் இருந்தால் ஓரத்தில் கோடு போட்டுக் கேள்விக்குறி வைப்பது. உன் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு போட்டுவிட்டேன். எப்போது வீடு மாறினீர்கள்?

வண்டியை எடுத்துப் போகாதே. கெஞ்சித்தான் கேட்கிறேன். பெட்ரோலுக்கு நான் இரண்டு மெய்ப்புக் கட்டு கூட வாங்கிப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன். அது எங்கேயும் போக வேண்டாம், ஷெட்டில் நின்றால் போதும்.

அப்படியும் எடுத்துத்தான் போவாய் என்றால், ஒன்று சொல். இங்கிருந்து உன் வீடுவரை 412 கிலோமீட்டர் என்பாயே, அது ஒரே தொட்டியில் வருமா? வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் என்னவோ போல் ஆகிவிட்டது. அன்றைக்கு முழுக்க ஜன்னலில் வேலை ஓடவில்லை. ஒரு பஸ்ஸுக்கு இரண்டு தடவை டீசல் எழுதிவிட்டேன்.

வீடு ஜனவரி கடைசியில்தான் மாறினோம். நீ எப்போதும் டிப்போவுக்கே எழுதுவதால் விலாசம் சொல்லாமலே இருந்துவிட்டேன், உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். சொல்லலாம் என்றுதான் இருந்தேன். இவளுக்கு இடுப்பு வலி, டிப்போவில் ஆள் பற்றாக்குறை, குட்டிக்குப் பரீட்சை. எல்லாம் ஒரு நிலைக்கு வரட்டும் அக்கா. மே, ஜூன் தாண்டட்டும். அப்புறம் உட்கார்ந்து பேசுவோம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். தாராளமாக வரும்! தொட்டி இருபத்தெட்டு லிட்டர். நெடுஞ்சாலையில் அந்த வண்டி லிட்டருக்குப் பத்தொன்பது கொடுக்கும், நான் கொண்டுவந்து விட்டபோதே பார்த்தேன். 412-க்கு இருபத்திரண்டு லிட்டர்கூட ஆகாது. ரகசியம் ஒன்றுதான், வேகத்தை ஐம்பத்தைந்திலிருந்து அறுபதுக்குள் வைத்து அசைக்காமல் ஓட்ட வேண்டும். எண்பதைத் தொட்டால் பதினைந்துக்கு விழுந்துவிடும். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் லாரி குறைவு. கண்ணாடியை முக்கால்வாசி ஏற்றிவிட வேண்டும், காற்று உள்ளே புகுந்தால் வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும். முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தூரத்திலேயே காலை எடுத்துவிட்டால் பிரேக்கே தேவைப்படாது. பிரேக் போடுகிற ஒவ்வொரு தடவையும் பெட்ரோலைத்தான் மிதிக்கிறோம். டயரில் காற்று இரண்டு புள்ளி கூட வைக்கலாம். பாதி வழியில் பாலம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது, கழிப்பறை சுத்தமாக இருக்கும். இன்னொரு ஆளும் பதினெட்டு கிலோ சாமானும் இருந்தாலும் நெடுஞ்சாலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏறி இறங்குகிற ஊருக்குள்தான் எடை தெரியும்.

இவ்வளவு அக்கறையாக நீ இதுவரை கேட்டதே இல்லை. சந்தோஷமாக இருந்தது.

எனக்கு இருபதாம் தேதி லீவு கிடைக்கவில்லை. இருபத்தேழாம் தேதி வருகிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 22

சின்னவனுக்கு,

இதை வண்டியின் முன்பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகிறேன். சாவி உன் மனைவியிடம் இருக்கிறது. பாவம், கதவைத் திறந்தவள் திகைத்துப்போனாள், ஆனாலும் அப்பாவின் காலை ஒரு பக்கம் பிடித்தாள். நீ டிப்போவிலிருந்து வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று பார்க்கிறேன். உன் முகத்தைப் பார்த்தால் நான் அவரைத் திரும்ப ஏற்றிக்கொண்டாலும் ஏற்றிக்கொள்வேன்.

முதலில் உன் கணக்கு. கிளம்பியது காலை 5.35. ஓடியது 412. வந்து சேர்ந்ததும் உன் தெருமுனைப் பங்க்கில் முழுக்க நிரப்பினேன். பிடித்தது 21.6 லிட்டர். லிட்டருக்குப் பத்தொன்பதும் கொஞ்சமும். உன் பேச்சைத் தட்டாமல் ஐம்பத்தெட்டில் ஓட்டினேன். பாலத்துப் பங்க்கில் கழிப்பறை சுத்தமாகத்தான் இருந்தது, நாற்காலியோடு உள்ளே போக முடிந்தது.

அவரைப் படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றித் திருப்ப வேண்டும். மாத்திரைச் சீட்டு நீலப் பையில் இருக்கிறது. தண்ணீரைக் கரண்டியில்தான் கொடுக்க வேண்டும், தம்ளரில் கொடுத்தால் புரை ஏறும். மணியைக் கழற்றி டிக்கியில் வைத்திருக்கிறேன், ஸ்பேனரும் பக்கத்திலேயே. கட்டிலில் நீயே முடுக்கிக்கொள். உனக்குத் தெரியாததா?

வழி நெடுக அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு தடவைகூட கையைத் தட்டவில்லை. உன் வாசலில் நிறுத்தி, "அப்பா, நான் கொஞ்ச நாள் வேலைக்குப் போறேன், நீங்க தம்பிகிட்ட இருங்க" என்றேன். "சரி" என்றார். எந்தச் சரி என்று எனக்குத் தெரியவில்லை. நாலு வருடமாகத் தெரிந்ததே இல்லை.

ஆறு மாதம் மட்டும் பார்த்துக்கொள். அப்புறம் நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

அக்கா


ஏப்ரல் 23

அக்கா,

நீ இப்படிச் செய்வாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவள் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. கூடத்தில் கட்டிலைப் போட்டிருக்கிறோம், குட்டி படிக்க இடமில்லை. பெற்ற அப்பாவைப் பார்சல் மாதிரி வாசலில் இறக்கிவிட்டுப் பஸ் ஏற எப்படி மனசு வந்தது உனக்கு?

என்னிடமே கேட்டு, என்னிடமே எல்லாம் தெரிந்துகொண்டு, எனக்கே செய்துவிட்டாய்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.


மே 15

சின்னவனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அச்சகத்தில் அதே நாற்காலி. பக்கத்தில் புதிதாக ஒரு பெண், வேகமாகப் பார்க்கிறாள், நிறைய விட்டுவிடுகிறாள். நான் திருத்துகிறேன். எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடுகிறேன். இரண்டரை மணிக்கு என் கை தானாக மேசைக்குக் கீழே போய்ச் சாவியைத் தேடுகிறது. வெளியே சைக்கிள் போனால் எழுந்து நின்றுவிடுகிறேன். முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள், இப்போது பழகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் சத்தமே இல்லை. அதுவும் ஒரு மாதிரி அடைக்கிறது. வெளியே வந்துவிட்டேன் என்று நினைத்தேன், கூடவே கொண்டுவந்திருக்கிறேன் போலிருக்கிறது.

மனசு எப்படி வந்தது என்று கேட்டாய். வரவில்லை. வராமலேதான் பஸ் ஏறினேன்.

கோடையில் அவருக்கு முதுகில் கொப்புளம் வரும், பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் வரியை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், எனக்கு அதுதான் வரும்.

ஜூன் மாதம். ஓடியது 74 கிலோமீட்டர். குடித்தது 19 லிட்டர். லிட்டருக்கு நாலுகூட இல்லை. காற்று சரியாக இருக்கிறது, சோக் உள்ளே இருக்கிறது, யாரும் திருடவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மை மாதிரி ஒட்டியது. 74-க்கு ஐந்து லிட்டர் போனால் மிச்சம் பதினாலு. இருபது மணி நேரம். ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் அக்கா. நீ இருபத்தைந்தில் நிறுத்திக்கொண்டாய். டிப்போவில் இப்படி ஒரு டிரைவர் இருந்தால் நான் அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். என்னை எங்கே அனுப்புவது?

பகலில் இவள் பார்த்துக்கொள்கிறாள். முகம் சுளிக்காமல் பார்க்கிறாள், அதைச் சொல்லியாக வேண்டும். ஆறு மணிக்கு மேல் என் முறை. டிப்போவிலிருந்து வந்து கேட்டைத் திறக்கும்போதே மணி கேட்கும். மரத்தடியில் வண்டி நிற்கும். ஒரு நாள், சும்மா எஞ்சின் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என்றுதான் ஏறினேன். இப்போது இவளுக்கு நான் வீட்டுக்கு வருகிற நேரம் ஏழு என்று ஆகிவிட்டது. "டிப்போல வேலை ஜாஸ்தியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நேற்று குட்டி வந்து கண்ணாடியைத் தட்டி, "அப்பா, வண்டி எங்க போகுது?" என்றாள். எங்கேயும் போகவில்லை என்றேன். பின்னே ஏன் ஓடுது என்று கேட்டாள். குட்டி என்னைப் போலவே கேட்கிறாள்.

அந்த மணியை நான்தான் வாங்கினேன், நான்தான் முடுக்கினேன், இரண்டு தடவை. கழற்றி எறிந்துவிடலாம் என்று ஸ்பேனரோடு போன அன்று அவர் என் கையையே பார்த்தார். அவருக்கு இருப்பது அது ஒன்றுதான். திரும்பி வந்துவிட்டேன்.

உன்னைக் கேள்வி கேட்டேனே, ஜன்னலில் டிரைவரைக் கேட்பதுபோல், அதற்கு என்னை மன்னித்துவிடு. பாட்டரி என்று எழுதினேனே. உண்மையில் எனக்கு அப்போதே கொஞ்சம் புரிந்தது அக்கா. புரிந்ததை எழுதிவிட்டால் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருக்குமே என்றுதான் பாட்டரி என்று எழுதினேன்.

இந்தக் கடிதத்தை, அப்பாவை எப்போது வந்து கூட்டிக்கொண்டு போவாய் என்று கேட்பதற்காகத்தான் தொடங்கினேன். கிழித்த மூன்றிலும் அதுதான் இருந்தது. கேட்கப் போவதில்லை. நீ ஆறு மாதம் என்று சொன்னாய். நான் சொன்ன ஆறு மாதம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

வண்டிக்குள் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் ஓடுகிறது, ஸ்டியரிங்கின் மேல் காகிதத்தை வைத்திருப்பதால் கையெழுத்து இப்படி ஆடுகிறது.

இப்போது எழுத்து ஆடவில்லை பார். வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. தொட்டி காலி. பன்னிரண்டு வருடம் டீசல் ஜன்னலில் இருந்தவன் முள்ளைப் பார்க்கவில்லை.

மணி கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். கூடத்து ஜன்னல் திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் கேட்கவில்லை. இரண்டு மாதமாக எந்தச் சத்தம் நிற்காதா என்று ஏங்கினேனோ அது நின்றிருக்கிறது. இரு, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறார். இவள் பின்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா விழித்துக்கொண்டுதான் இருந்தார். கை மணியின் மேலேயே இருந்தது, தலை ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தது. அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் மரமும் வண்டியும் நேராகத் தெரியும். இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவே இல்லை.

இவள் துணியோடு உள்ளே வந்தாள். "நீங்க கேட்டுக்குள்ள வர்றவரைக்கும் தட்டுவாரு. நீங்க வண்டில ஏறிட்டா நிறுத்திடுவாரு. தினமும் அப்படித்தான்" என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்பா தட்டல?" என்று கேட்டேன்.

"சரி" என்றார்.

உன் ஷெட்டிலும் நீ சாவியைத் திருப்பியதும் அவர் தட்டுவதை நிறுத்தியிருப்பாரோ என்னவோ. எஞ்சின் சத்தத்தில் உனக்கும் தெரிந்திருக்காது.

உன் தம்பி